என் தம்பி ஒரு கார்டு வாங்காத கதை

என் தம்பி லுவன் இந்த உலகத்துக்கு வருவதா வேண்டாமா என்று யோசித்து, இரண்டு வாரம் தாமதமாகப் பிறந்தவன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை விடவில்லை. இப்போது முப்பத்தாறு வயது ஆகிறது. சைகோனில் எங்கள் சந்து முழுக்கத் தேடினாலும் அவனைப் போல நிதானமானவன் கிடையாது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். நிதானம் என்பது பெற்றவள் வைத்த பெயர். கூடப் பிறந்தவள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

சோறு வேக வைக்கும் குக்கர் வாங்க ஒரு வருடம் விசாரித்தான். அந்த வருடம் பூராவும் அம்மா பழைய குக்கரின் மூடி மேல் அம்மிக் குழவியை வைத்து அழுத்திக்கொண்டு சமைத்தாள். கல்யாணமும் இதே லட்சணம்தான். சுயென் என்ற பெண்ணைக் காபிக் கடைக்குக் கூட்டிப்போவான். கண்ணாடித் தம்ளரில் ஐஸ் உருகி, காபி வெறும் பழுப்புத் தண்ணீர் ஆகும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவான். கடைசியில் அவளே பேசினாள்.

"அடுத்த மாசம் உங்க அம்மா வெத்தல பாக்கோட எங்க வீட்டுக்கு வர்றாங்க. நான் அவங்ககிட்ட பேசிட்டேன். நீங்க சட்டைய மட்டும் அயர்ன் பண்ணி வைங்க."

என் தம்பியின் வாழ்க்கையில் எடுக்கப்பட்ட பெரிய முடிவு அது ஒன்றுதான். அதையும் எடுத்தது அவள்.

பிளாஸ்டிக் முக்காலி செய்கிற கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறான். தெருவோரக் கடையில் முழங்கால் காதை இடிக்க உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறோமே, அந்தக் குட்டி முக்காலிதான். அங்கே அவனை யாரும் எதையும் முடிவு பண்ணச் சொல்வதில்லை. அதனால் அங்கே அவனுக்கு ரொம்ப நல்ல பெயர்.

அவன் குடியிருப்பது அம்மா வீட்டில். நான் அதே சந்தில் நாலு வீடு தள்ளி. அம்மா வீடு எங்கள் ஊர் வீடுகளைப் போலவே அகலத்தைப் பிறருக்குத் தானம் கொடுத்துவிட்டு நீளத்தை மட்டும் வைத்துக்கொண்ட வீடு. கீழே அப்பாவின் படம், ஊதுபத்தி, பழத் தட்டு, எந்நேரமும் பாட்டு நாடகம் அலறும் டிவி, அம்மா. ஏணி மாதிரி ஒரு படியில் ஏறினால் பலகை போட்ட பரண். அதில்தான் தம்பியும் சுயெனும். பரணுக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். அம்மா கீழேயிருந்து "சுயென்!" என்று கூப்பிட்டால் திரையே பயந்து ஆடும்.

அப்பா போனபிறகு அம்மாவுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்துவிடுமோ என்பது. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைப் பாயில் வைத்துவிட்டால் எல்லாரும் வந்து உட்கார்ந்து, "அம்மா, சாப்பிடுங்க" என்று முறையாக அழைத்த பிறகுதான் சாப்பிடும் குச்சியைக் கையில் எடுப்பாள். யாராவது வரத் தாமதமானால் சூப் ஆறி எண்ணெய் கட்டினாலும் தொடமாட்டாள். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி டிவிக்கு எதிரே தனியாக, சட்டியிலிருந்தே சாப்பிடுவாள். அம்மா அதைச் சாவுச் செய்தி சொல்கிற குரலில்தான் சொல்வாள்.

இப்போது கார்டு விஷயத்துக்கு வருகிறேன். சுயெனுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற வேலை. ஒரு ஸ்டுடியோவுக்காகப் பரணில் உட்கார்ந்தபடியே செய்கிறாள். வீட்டிலிருந்த கம்ப்யூட்டரோ தம்பி படிக்கிற காலத்தில் வாங்கியது. மாமியார் மருமகள் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுகிற இடம் வந்தால் படம் அப்படியே உறைந்துவிடும். சங்கிலி அந்தரத்தில் நிற்கும், மாமியார் வாய் திறந்தபடி நிற்பாள், சுயென் எழுந்து போய்த் துணி துவைத்துவிட்டு வந்தாலும் அவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள். மழை ஆரம்பித்த சமயம் அவள் தம்பியிடம் சொன்னாள்.

"இதுக்குத் தனியா ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் வேலை ஓடும்."

"இரு, பாக்கறேன்," என்றான் தம்பி.

பார்த்தான். நன்றாகவே பார்த்தான். கம்ப்யூட்டருக்கு உள்ளேயே கூடப் பிறந்த மாதிரி, படம் ஓட்டுகிற ஒரு கிராஃபிக்ஸ் இருக்குமாம். அதற்கென்று சொந்த மெமரி கிடையாதாம், கம்ப்யூட்டரின் மெமரியிலேயே பங்கு வாங்கிச் சாப்பிடுமாம். தனிக் கார்டு என்றால் அதற்குச் சொந்த மெமரி, சொந்த விசிறி, சொந்தக் கரண்ட். வேகம் உண்டு, சூடும் சத்தமும் கூடவே உண்டு. இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதும். அவன் இதையே வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுவதையும் ஓட்டினான். ஊர்பேர் தெரியாதவர்களோடு இணையத்தில் சண்டை போட்டான். பழைய சாமான் சந்தைக்குப் போய், கார்டை மூக்குக்கு அருகே வைத்து முகர்ந்து பார்த்தான். கிரிப்டோ என்கிற இணையத்துக் காசைத் தோண்டுவதற்காக ராப்பகலாக ஓட்டித் தேய்ந்த கார்டுகளுக்கு எங்கள் ஊரில் எருமை என்று பெயர். உழுது களைத்த எருமையைக் குளிப்பாட்டிப் புதுசு என்று தலையில் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு ஞாயிறும் எருமைச் சந்தைக்குப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவான்.

ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறக்காமலேயே, ஓட்டைகள் வழியாக ஊதித் தூசி தட்டினான். அந்த வாரத்திலிருந்து அது பறக்க ஆரம்பித்தது. மாமியார்கள் தங்குதடையின்றிச் சங்கிலி போட்டார்கள். "பாத்தியா என் கைராசிய?" என்று சுயெனிடம் பெருமை அடித்துக்கொண்டான். அவள் அடுத்த கல்யாணத்தைத் திறந்து வெட்ட ஆரம்பித்தாளாம். அத்தோடு விட்டிருந்தால் இவன் என் தம்பியே இல்லை. இப்படி நன்றாக ஓடும்போது தனிக் கார்டு உண்மையிலேயே தேவைதானா என்று யோசனையை முதலிலிருந்து தொடங்கினான்; ஒருநாள் வேண்டும் என்பான், மறுநாள் வேண்டாம் என்பான்.

இந்த விவரம் எதுவும் அன்று அம்மாவுக்கோ எனக்கோ தெரியாது. எங்களிடம் சொன்னால் நாங்கள் முடிவு எடுத்துவிடுவோம் என்ற பயம் அவனுக்கு.

ஒரு மத்தியானம் அம்மா கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேலே தம்பி, கோய் என்கிற அவனுடைய கூட்டாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான். ஆனால் தன்னைப் பற்றிய பேச்சு என்று பட்டுவிட்டால் நாய்க்காது.

"இனிமே சேந்து ஓட்ட முடியாதுடா கோய். தனியாத்தான் போகணும்... பழசா? அதுக்குன்னு சொந்தமா என்னடா இருக்கு? எங்களோடத எடுத்துத் தின்னுக்கிட்டு கெடக்கு. சுயென் வேலை பாக்கற நேரமாப் பாத்துத்தான் அதுக்கும் வேணும்... சேச்சே, தூக்கி எறிய வேணாம். தனியாப் போயிட்டா அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்."

அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய் மூன்று ஊதுபத்தி ஏற்றினாள். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் அம்மா உயிரோடு இருப்பவர்களிடம் பேசமாட்டாள். அப்பாவிடம் பேசுவாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"ஏங்க, கேட்டீங்களா உங்க மகன் பேச்ச? நான் அவங்க சோத்தத் திங்கறேனாம்! மூலையில கெடப்பேனாம்! அதாவது பரவால்ல, பெத்தவள 'அது'ங்கறான், 'அது'! நீங்க பாட்டுக்குப் படத்துல சிரிச்சிக்கிட்டு இருங்க. உங்களுக்கு என்ன?"

பிறகு என் வீட்டுக்கு வந்து அதையே கண்ணீரோடு சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் காலை சந்து முனைக் காபி வண்டியில் தம்பியைப் பிடித்தேன்.

"தனியாப் போறியாமே?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கு யாருக்கா சொன்னா? சுயெனா? இன்னும் முடிவு பண்ணல. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எவ்ளோ நாளா?"

"மழ ஆரம்பிச்சதுலேர்ந்து."

"அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயாடா உனக்கு?"

"அம்மாவுக்கு இதெல்லாம் எங்கக்கா புரியப்போகுது?"

பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மா காதில் விழுந்த அவன் வார்த்தையிலேயே கேட்டேன். "சரி. பழச என்ன பண்றதா உத்தேசம்?"

"பழசு எங்க போகும்? அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கும். என்னிக்காவது புதுசு காலை வாரிடுச்சுன்னா அவசரத்துக்கு உதவும்ல?" என்றவன், குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரே பயம் சூடுதான்க்கா. இந்த வெயில்ல ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா தாங்குமா?" என்றான்.

என் காபியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். நல்ல காபி என்பதால் குடித்துவிட்டேன். நேராக அம்மாவிடம் போய், "உண்மைதாம்மா. அவன் வாயாலயே சொல்லிட்டான்," என்றேன்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியை ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். "வர்ற ஞாயித்துக்கெழம வீடு மாற நல்ல நாளு," என்றாள். "புள்ளைங்க ராவோட ராவா ஓடிப்போன மாதிரி போகக் கூடாது. போறதுன்னா முறையா, நான் அனுப்பிப் போகட்டும்." அதைச் சொல்லிவிட்டு அந்தத் தாளின் மூலையை மடித்து வைத்தாள். அந்த நிமிஷம் தம்பியைக் கொன்றிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். இளநீர் விட்டு முட்டையோடு வேகவைத்த பன்றிக் கறி, புளிப்பு மீன் சூப். வருஷப் பிறப்புக்குச் செய்கிற அளவு சமையல். தம்பி இரண்டாவது கிண்ணம் சோறும் சாப்பிட்டான். குற்ற உணர்ச்சி உள்ளவன் சாப்பிடுகிற சாப்பாடா அது என்று நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டை எடுத்த பிறகு அம்மா உள்ளே போய் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தாள். வாய்வரை நிரப்பிய அரிசி ஜாடி. ஒரு சின்ன உப்பு ஜாடி. ஒரு புது அடுப்பு. புது வீட்டுக்குள் முதல் அடி எடுத்து வைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை.

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள். "நல்லா இருங்க."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கம்மா போறது?"

"தனியா!" என்று நான் கத்தினேன். "மழ ஆரம்பிச்சதுலேர்ந்து யோசிச்சிக்கிட்டு இருக்கியே, அங்க!"

"அதுவா? அது வேண்டாம்னு நேத்துதான் முடிவு பண்ணேன்," என்றான் என் தம்பி, முக்காலி கம்பெனியின் வருடக் கணக்கை வாசிக்கிறவன் மாதிரி. "நல்லா அலசிப் பாத்துட்டேன். தனி தேவையில்ல. உள்ள இருக்கறதே போதும். பழசுன்னாலும் நமக்கு அது தாராளம்."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு விம்மிவிட்டாள். "அதுன்னு சொல்லாதடா. அம்மான்னு சொல்லு."

"எத அம்மான்னு சொல்லணும்? கிராஃபிக்ஸையா?"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. கார்டு, மெமரி, பங்கு, மூலை, சூடு. தம்பி எனக்குச் சொல்லி, நான் அம்மாவுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அம்மா சிரித்தாள் பாருங்கள், அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தம்பியின் முதுகில் நாலு அடி வைத்தாள். படத்தைப் பார்த்து, "நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அப்பாவையும் திட்டினாள்.

சுயென் மட்டும் சிரிக்கவில்லை. அரிசி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "உள்ள இருக்கறதே போதும்னு எத வச்சு சொல்றீங்க?" என்று தம்பியைக் கேட்டாள்.

"நான் தூசி தட்டுனதுலேர்ந்து எப்படி ஓடுதுன்னு நீயே பாத்தல்ல?"

"அது தூசி இல்ல. தனிக் கார்டு. நீங்க தூசி தட்டுன வாரம் நான் போட்டது. ஸ்டுடியோவுல பழைய மெஷினைப் பிரிச்சப்ப அண்ணன் ஒருத்தர் குடுத்தார். ஸ்க்ரூடிரைவர் அக்கா வீட்டுல வாங்குனேன்."

எல்லாருமாகப் பரணுக்கு ஏறினோம். அவள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே அந்தக் கார்டின் இரண்டு விசிறிகளும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மழைக்காலம் பூராவும் சந்தை சந்தையாக முகர்ந்து தேடியவன், தன் கட்டிலிலிருந்து கை நீட்டினால் தொடுகிற இடத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தான். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இது எருமையா இருக்குமோ?" என்றான். இவனை என்ன செய்வது?

அம்மாவும் குனிந்து பார்த்தாள். "அப்ப இத்தன நாளா தனியாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமாம்மா," என்றாள் சுயென்.

"யாருக்கும் தெரியல."

"தெரியலம்மா."

"அந்தப் பழசு?"

"அது அப்படியே இருக்கும்மா. அதுக்கு ஒண்ணும் ஆகல."

அம்மா நிமிர்ந்தாள். அவளுக்கு முழங்கால் வலி, பரணுக்கு ஏறி வருடக்கணக்கு ஆகியிருக்கும். மெத்தையை இடித்துக்கொண்டு போட்டிருந்த மேஜையைப் பார்த்தாள். சுயென் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிற ஹெட்ஃபோனின் பஞ்சு தேய்ந்து கிழிந்திருந்ததைப் பார்த்தாள். கீழே அணைக்காமல் வந்த டிவி, பலகை இடுக்கு வழியாக அழுது பாடிக்கொண்டிருந்தது. திரையைக் கையால் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டு விட்டாள்.

"வீடும் பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

சுயென் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அம்மாவை நேராகப் பார்த்தாள். அந்தத் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

"பாத்துட்டேம்மா. எதிர்ச் சந்துல, மாடியில ஒரு ரூம். வேலைக்குன்னுதான் எடுத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சாவியப் பையிலயே வச்சிக்கிட்டு சுத்தறேன். எனக்கு உங்க மேல ஒரு கொறையும் இல்ல. ஒரு கதவு வேணும்மா. அவ்ளோதான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"சொன்னா ஆராய்ச்சி பண்ணுவார்ம்மா."

தம்பி வாயைத் திறந்தான். "யாராவது என்கிட்ட ஒரு வார்த்த..."

"நீ பேசாத," என்றாள் அம்மா. "நீயும் போறியா இல்லியான்னு மட்டும் யோசிச்சு சொல்லு."

இறங்கி வந்தோம். சுயென் அரிசி ஜாடியைத் தூக்கக் குனிந்தாள். அம்மா அதன் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எடுக்கவும் விடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அவளைப் பார்க்க முடியாமல் அப்பா படத்தைப் பார்த்தேன். ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு டிவியில் ஆரம்பித்தது. அம்மா போய் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

"இது கனம். உன்னால ஆவாது, நானே தூக்கிக்கிட்டு வர்றேன். நீ அடுப்ப எடு," என்றாள். "ராத்திரிக்கு அங்க என்ன சமைக்கறது? நாலு பேருக்கு உலை வைக்கற மாதிரி சட்டியாவது இருக்கா?"

"இல்லம்மா."

"அதுக்குத்தான் நானும் வர்றேன்னு சொல்றேன்."

முழங்கால் வலிக்காரி ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தில் முன்னால் நடந்தாள். சுயென் அடுப்போடு பின்னால் ஓடினாள். நடுவீட்டில் தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, இப்ப நான் என்னக்கா பண்றது?"

"அந்த உப்பு ஜாடியத் தூக்குடா," என்றேன்.